டயர் தின்னும் வண்டி

"அது போயிடுச்சு. அவனைச் சொன்னேன். அவ கிளம்பிட்டா. நாளைக்குக் காலையில வேற இருக்கு. நீங்கதான் எப்படியாவது..."

வந்த மனிதர் இவ்வளவையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொல்லி முடித்துவிட்ட நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. கையில் கொண்டுவந்திருந்த சின்ன டயரை எதிரே இருந்த மேசைமேல் வைத்தார். அந்த மேசைமேல் நாத்தனார் அப்போதுதான் தட்டச்சு செய்து முடித்த அறிக்கை இருந்தது. வெள்ளைத் தாளில் கன்னங்கரேல் என்று ஒரு வட்டம் விழுந்தது.

நாத்தனாருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் வந்திருப்பது ஒரு வழக்கு. வழக்கு என்றால் அவள் எதையும் பொறுத்துக்கொள்வாள்.

அவளுடைய அண்ணி இன்சூரன்ஸ் கம்பெனிக்காக மோதிய வண்டிகளைப் பார்த்து எழுதிக் கொடுக்கிற சர்வேயர். ஊரில் எல்லாரும் சர்வேயரம்மா என்பார்கள். நசுங்கிய கதவைப் பார்த்தே, லாரி வந்து மோதியதா, வண்டிக்காரர் தானாகத் தூணில் கொண்டுபோய் இடித்தாரா என்று சொல்லிவிடுவார். அவருக்கு அறிக்கை அடித்துக் கொடுப்பது நாத்தனாரின் வேலை. கூடவே போய்த் துப்புத் துலக்குவதும் தன் வேலைதான் என்று அவளாகவே முடிவுசெய்து வைத்திருந்தாள்.

"சார், எது போயிடுச்சு? யாரைச் சொன்னீங்க? யாரு கிளம்பினா? ஒவ்வொண்ணா சொல்லுங்க," என்றாள் நாத்தனார்.

"அதான் சொன்னேனே!" என்று அவர் எரிந்துவிழுந்தார். அவர் பேச்சில் பாதி வார்த்தைகள் வாய்க்குள்ளேயே தங்கிவிடும் போலிருந்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் யார், எது, எங்கே என்று கேட்டுக் கேட்டு வாங்குவதற்குள் நாத்தனாருக்கு மண்டை காய்ந்துவிட்டது. கடைசியில் தேறிய விஷயம் இதுதான்.

அவர் ஊருக்கு வெளியே கோ-கார்ட் டிராக் நடத்துகிறவர். கார்ட் என்பது தரையோடு தரையாக ஓடும் குட்டிப் பந்தய வண்டி. அவருடைய மகள் ஏழாம் நம்பர் கார்ட்டை ஓட்டுகிறாள். மறுநாள் காலையில் அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வுப் போட்டி. இந்த நேரத்தில் அந்த வண்டி டயர் டயராகத் தின்றுகொண்டிருந்தது. புது டயர் போட்டால், ஒரே நாள் பயிற்சியில் முன் டயர்கள் இரண்டும் ஓரம் தேய்ந்து பாழாகிவிடும். வண்டியைப் பார்த்துக்கொள்கிற மெக்கானிக் வேறு யாருமில்லை, இவருடைய மனைவியின் தம்பி.

"மச்சான் ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒண்ணை மாத்துறான். சக்கரம் மாட்டுற தண்டை மாத்தினான். ஸ்டியரிங் தண்டை மாத்தினான். ராடு ரெண்டையும் மாத்தினான். மாத்தி, நேர் பண்ணி, பெயின்ட்ல கோடு போட்டு வைக்கிறான். மறுபடியும் போகுது. பக்கத்து ஊரு டிராக்ல அவனை வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க. அதான், நேத்து நேராவே கேட்டுட்டேன். 'அங்க போறதுக்காக என் பொண்ணு வண்டியைக் கெடுக்கிறியாடா'ன்னு."

"கேட்டதும்?"

"ஸ்பானரைக் கீழ வெச்சான். போயிட்டான். என் வீட்டுக்காரியும் பையை எடுத்துக்கிட்டா. தம்பி மேல தப்பு இருந்தா நிரூபி, இல்லைன்னா அவன்கிட்ட மன்னிப்புக் கேளு, அதுவரைக்கும் வாசப்படி மிதிக்க மாட்டேங்கிறா. பாப்பா, மாமா கை வைக்காத வண்டியில ஏற மாட்டேன்னு ஒத்தக்கால்ல நிக்குது. நாளைக்குள்ள இது தீரலைன்னா எனக்கு வீடு வீடா இருக்காதும்மா." இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அவர் முழுசாகச் சொன்னார்.

சர்வேயரம்மா டயரை மடியில் வைத்துக்கொண்டு விரல்களால் தடவிக்கொண்டிருந்தார். கோடு எதுவும் இல்லாத மொட்டைப் பந்தய டயர்.

"காத்து கம்மியா இருந்திருக்கும் அண்ணி," என்றாள் நாத்தனார்.

"காத்து கம்மின்னா ரெண்டு ஓரமும் தேயும். அதிகம்னா நடுப்பாகம் தேயும். இதுல வெளி ஓரம் மட்டும் போயிருக்கு. உள்ள இருந்து வெளிய தடவிப் பாரு."

நாத்தனார் தடவினாள். சொரசொரவென்று விரலைப் பிடித்தது. திருப்பித் தடவினால் வழவழவென்று போயிற்று.

"முன் சக்கரம் ரெண்டும் மூக்கை உள்பக்கமா திருப்பிக்கிட்டு ஓடியிருக்கு. உருண்டு போக வேண்டியதை, தரையில இழுத்துக்கிட்டே போயிருக்கு. என்ன ஆச்சுங்கிறது இவ்வளவுதான். எப்படி ஆச்சுன்னு அங்க போய்ப் பாக்கணும்." சர்வேயரம்மா அவரிடம் திரும்பினார். "எல்லா நாளும் இப்படித் தேயுதா?"

"அதுலதான் மாட்டிக்கிட்டான்! ஞாயித்துக்கிழமை நான் காலையிலேயே அங்க இருப்பேன். அன்னிக்கு ஒண்ணும் ஆகாது. மத்த நாள்ல நான் புதுசா திறந்த கடைக்குப் போயிடுறேன். அந்த நாள்லதான் தேயுது. நான் இல்லாதப்ப வேலையைக் காட்டுறான்."

"கடை திறக்கறதுக்கு முன்னாடி?"

"தினமும் நானே இருந்தேன். அப்ப ஒரு தொல்லையும் இல்ல. இப்ப என் அண்ணன்தான் காலையில கேட்டைத் திறக்குறாரு. ராத்திரி அங்கேயே படுத்துக்குறாரு. ஷெட் பூட்டு, சாவி அவரு இடுப்புல. அதையும் மீறித்தான் நடக்குது."

"வேற யாரு வண்டியைத் தொடுவாங்க?"

"கம்பி இருக்கான். பேரு வேற, ஒல்லியா இருக்கறதால நான் அப்படிக் கூப்பிடுறது. பாப்பா உக்காரறதுக்கு முன்னாடி அவன் ஓட்டிப் பாப்பான். டயரும் சூடாகும், பிரேக்கும் தெரியும்."

பூட்டிய ஷெட், இடுப்பில் சாவி, எதிரி டிராக். நாத்தனாருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. சர்வேயரம்மாவோ குடையை எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டிருந்தார்.

டிராக் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. வளைவுகளில் சிவப்பும் வெள்ளையுமாகப் பெயின்ட் அடித்த பழைய டயர்கள் அடுக்கியிருந்தன. தகரக் கூரை போட்ட ஷெட்டுக்குள் பெட்ரோலும் கருகிய ரப்பரும் கலந்து வீசியது. வாசலில் நரைத்த மீசையோடு ஒரு பெரியவர் எழுந்து நின்றார். இடுப்பில் சாவிக்கொத்து தொங்கியது.

"அண்ணே, ரெண்டு!" என்று கத்திவிட்டு டிராக்காரர் உள்ளே போனார்.

பெரியவர் தலையாட்டிவிட்டு விறுவிறுவென்று போய், இரண்டு டம்ளரில் டீயோடு திரும்பினார்.

"நாற்காலிண்ணே! ரெண்டு நாற்காலி!" என்று டிராக்காரர் நெற்றியில் அறைந்துகொண்டார். பெரியவர் டீயை வைத்துவிட்டு நாற்காலி எடுக்கப் போனார். நின்றுகொண்டே டீயைக் குடித்த நாத்தனாருக்கு, இந்தக் குடும்பத்தில் யாராவது ஒருவர் முழு வாக்கியம் பேசினால் தேவலை என்று இருந்தது.

சர்வேயரம்மா ஏழாம் நம்பர் கார்ட்டின் முன்னால் உட்கார்ந்தார். நேற்று ஓடியதற்குப் பிறகு அதை யாரும் தொடவில்லை. ஸ்டியரிங்கின் அடியிலிருந்து இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று இரண்டு ஒல்லி ராடுகள் முன் சக்கரங்களுக்குப் போயின. ஒவ்வொரு ராடின் இரு முனையிலும் புரிபுரியாகத் திருகு மரை. அது நகராமல் பிடித்துக்கொள்ள முனைக்கு ஒரு நட். ராடைச் சுற்றினால் அது நீளும் அல்லது குறுகும்; நீண்டால் சக்கரத்தின் மூக்கு உள்பக்கம் திரும்பும், குறுகினால் வெளிப்பக்கம். நட்டின் மேலும் ராடின் மேலும் சேர்த்து மச்சான் மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு இழுத்திருந்தார். யாராவது ராடைச் சுற்றியிருந்தால் கோடு முறிந்து தெரியும்.

கோடு முறியவில்லை. இம்மி பிசகாமல் நேராக இருந்தது.

"அப்ப ராடை யாரும் தொடல!" என்றாள் நாத்தனார். "சக்கரத்தைத்தான் யாரோ அடிச்சு வளைச்சிருக்காங்க. அண்ணி, அந்தக் கம்பிங்கிற ஆளு மேலதான் எனக்குச் சந்தேகம்."

"ம்," என்றார் சர்வேயரம்மா.

இந்த 'ம்' இருக்கிறதே, இதைக் கேட்டாலே நாத்தனாருக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆமாம் என்றும் அர்த்தமில்லை, இல்லை என்றும் அர்த்தமில்லை. வீட்டில் குழம்புக்கு உப்புப் போதுமா என்று கேட்டாலும் இதே 'ம்'தான்.

சர்வேயரம்மா இடப்பக்க ராடின் முனையை விரலால் காட்டினார். மரையின் பழைய புரிகள் எல்லாம் தூசியும் கிரீஸுமாகக் கறுத்திருந்தன. நட்டை ஒட்டி இரண்டு புரிகள் மட்டும் பளிச்சென்று மின்னின. மறுமுனையிலும் அதே போல் இரண்டு. வலப்பக்க ராடில் மின்னுகிற புரி ஒன்றுமே இல்லை. நாத்தனார் பார்த்தாள், பளபளப்பாக இருக்கிறது என்பதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அவளை வெறுப்பின் உச்சிக்கே கொண்டுபோயிற்று. காலையில் யார் எங்கே இருந்தார்கள், யாருக்கு யார்மேல் பகை என்று கேட்காமல், சர்வேயரம்மா அந்த ராடைத் தொட்டுக் காட்டி, "இதுக்குப் பேரு என்ன?" என்று ஒவ்வொருவரிடமும் பாடம் கேட்க ஆரம்பித்தார்.

"ராடு," என்றாள் டிராக்காரரின் மகள். அழுது அழுது அவள் கண் வீங்கியிருந்தது. "ஆன்ட்டி, அந்த மாதிரி நாள்ல நேர் ரோட்டுல போறப்பவும் ஸ்டியரிங்கைச் சாய்ச்சே பிடிக்க வேண்டியிருக்கு. அப்பாகிட்ட சொன்னேன். அவர் மாமாவைப் பிடிச்சு ஏறினாரு. இனிமே நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

"டை ராடு மேடம்," என்றார் கம்பி. உண்மையிலேயே பக்கவாட்டில் திரும்பினால் காணாமல் போய்விடுகிற ஒல்லி. டிராக்கில் குழந்தைகளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுப்பதும் அவர்தான். "வேலையை விட்டுடலாமான்னு இருக்கு மேடம். கடை திறந்ததுல இருந்து, ஞாயித்துக்கிழமை தவிர என்னை வண்டியில உக்கார வைக்கறதே இல்ல. நான் வர்றப்பவே வண்டி பாப்பாவுக்குத் தயாரா வெளிய நிக்கும். ஓனருக்கு என்ன கோபமோ!"

"நீங்க கேக்கலையா?"

"கேட்டா கத்துவாரு."

வாசலில் இருந்த பெரியவர் குனிந்து பார்த்துவிட்டு, "இதுவா? ஸ்டியரிங் கம்பி," என்றார்.

"காலையில உங்களுக்கு என்னென்ன வேலைங்க?"

"கேட்டைத் திறப்பேன். தண்ணி தெளிப்பேன். தம்பி போன்ல சொல்றதைச் செய்வேன். வண்டியை வெளிய தள்ளி வைப்பேன். அப்புறம் மாஸ்டர் வருவாரு, பாப்பா வரும்." மாஸ்டர் என்று அவர் கைகாட்டியது கம்பியை. "வண்டியை எவனோ கெடுக்குறான்னு தெரிஞ்சதுல இருந்து நான் அது பக்கத்துலதாம்மா படுத்துக்கறேன். ஒரு பூனை உள்ள வந்திருக்காது."

"இதுக்கு முன்னாடி என்ன வேலை பாத்தீங்க?"

"தண்ணிக் குழாய் ஆபீஸ்ல வால்வு திறக்கிற வேலை. ரிட்டையர் ஆகுற வரைக்கும் அதேதான்."

"ம்," என்றார் சர்வேயரம்மா.

நாத்தனாரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. அண்ணியை ஷெட்டுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். "கம்பிக்கு ஓனர் மேல கோபம் இருக்கு. காலையில வர்றான். அவன்தான் அண்ணி! இல்லைன்னா மச்சானேதான். பெயின்ட் கோடு போடத் தெரிஞ்சவனுக்குக் கோட்டை அழிச்சு மறுபடி போடத் தெரியாதா? நீங்க என்னடான்னா பள்ளிக்கூடத்துல கேள்வி கேக்கற மாதிரி..."

"மச்சானையும் அவர் அக்காவையும் இங்க வரச் சொல்லு," என்றார் சர்வேயரம்மா. "பொண்ணுக்காக வரச் சொன்னாங்கன்னு சொல்லு. வருவாங்க."

வந்தார்கள். டிராக்காரரின் மனைவி புருஷன் நின்ற பக்கம் திரும்பவே இல்லை. நேராகப் போய் மகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். மச்சான், "பாப்பாவுக்காகத்தான் வந்தேன்," என்று பொதுவாகக் கூரையைப் பார்த்துச் சொன்னார். சர்வேயரம்மா கேட்டுக்கொண்டபடி சக்கரங்களை அளந்து நேர் செய்து, நட்டுகளை இறுக்கி, பழைய மஞ்சள் கோட்டைத் துடைத்துவிட்டு வெள்ளைப் பெயின்டில் புதுக் கோடு போட்டார். பத்து வார்த்தை பேசாமல் வேலை முடிந்தது. பெயின்ட் காயும் வரை யாரும் யாரையும் பார்க்கவில்லை.

சர்வேயரம்மா டிராக்காரரிடம் போனார். "நீங்க ஆபீஸ் ரூமுக்குப் போங்க. கடைக்குப் போற நாள்ல காலையில உங்க அண்ணனுக்குப் போன் பண்ணி என்ன சொல்வீங்களோ, அதையே ஒரு எழுத்து மாத்தாம இப்பச் சொல்லுங்க."

"அதுக்கும் இதுக்கும் என்னங்க? வெட்டியா..."

"சொல்லுங்க சார்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். பெரியவரின் போன் ஒலித்தது. அவர் எப்போதும் போல ஸ்பீக்கரில் போட்டுக் காதருகே வைத்துக்கொண்டார். எல்லாருக்கும் கேட்டது.

"அண்ணே, கம்பிய ரெண்டு சுத்து விட்டுட்டு அப்புறம் பாப்பாகிட்ட குடு." டக்கென்று போன் வைக்கப்பட்டது.

"சரிப்பா," என்றார் பெரியவர், வைக்கப்பட்ட போனிடம்.

பிறகு சுவரில் மாட்டியிருந்த இரண்டு ஸ்பானர்களை எடுத்தார். ஏழாம் நம்பர் கார்ட்டின் இடப்பக்கம் மண்டியிட்டார். ராடின் இரு முனை நட்டுகளையும் தளர்த்தினார். ராடைப் பிடித்து நிதானமாகச் சுற்றினார். "ஒண்ணு," என்று அவர் உதடு அசைந்தது. "ரெண்டு." திரும்ப நட்டுகளை இறுக்கி, கைத்துண்டால் துடைத்தார். வெள்ளைக் கோடு பழைய இடத்துக்கே வந்து சேர்ந்து, துளியும் முறியாமல் நேராக நின்றது.

மச்சான் வாயைப் பிளந்தபடி நின்றார். "பெரியவரே... என்ன பண்றீங்க?"

"கம்பியை ரெண்டு சுத்து விட்டேன்," என்றார் பெரியவர். "தினமும் விடறதுதானே?"

டிராக்காரர் ஆபீஸ் ரூமிலிருந்து வந்தார். சுவரில் சாய்ந்து நின்ற கம்பியைப் பார்த்ததும் அவருக்குச் சுள்ளென்று ஏறியது. "என்னடா இங்க நிக்கிற? ரெண்டு சுத்து விடச் சொன்னேனே, ஓட்டலையா?"

"என்கிட்ட யாரு சார் சொன்னது?" என்றார் கம்பி.

அப்போதுதான் டிராக்காரர் தரையில் மண்டியிட்டிருந்த அண்ணனையும், அவர் கையில் இருந்த ஸ்பானரையும் பார்த்தார்.

நாத்தனார்தான் முதலில் வாயைத் திறந்தாள். "அண்ணி, இப்பவாவது 'ம்'முன்னு சொல்லாம முழுசா சொல்லுங்க!"

சர்வேயரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "வெளி ஓரம் தேஞ்சிருந்தது, அதனால ராடு நீண்டிருக்கணும். ஆனா கோடு முறியல. ஒரு ராடைச் சுத்தியும் கோடு நேரா நிக்கணும்னா ஒரே ஒரு வழிதான். முழுச் சுத்தா சுத்தணும். அரையோ காலோ கூடாது. பளபளன்னு புதுசா வெளிய வந்த புரி ரெண்டு, அதனால சுத்து ரெண்டு. கெடுக்கணும்னு நினைக்கிறவன் எண்ணிப் பாத்துச் சுத்த மாட்டான். எண்ணிச் சுத்தினா, யாரோ எண்ணிக்கை சொல்லி அனுப்பியிருக்காங்க."

"கோட்டைப் பாத்து, மறைக்கறதுக்காக முழுசா சுத்தியிருக்கலாமே?" என்றாள் நாத்தனார்.

"அவ்வளவு கெட்டிக்காரனா இருந்தா ரெண்டு ராடையும் சமமா நீட்டியிருப்பான். ஒண்ணை மட்டும் நீட்டினா ஸ்டியரிங் கோணிக்கும், ஓட்டுறவங்களுக்கு உடனே தெரிஞ்சுடும். பாப்பா அதைத்தானே சொல்லுச்சு. அதனால இது ஸ்டியரிங்கைப் பத்தித் தெரியாதவங்க, ஆனா மரையையும் நட்டையும் நல்லாப் பழகினவங்க செஞ்ச வேலை. ஒளிஞ்சு செய்யல. சொன்னதைச் செஞ்சிருக்காங்க."

டிராக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சர்வேயரம்மா கையை உயர்த்தினார்.

"நீங்க இல்லாத நாள்ல மட்டும் நடக்குதுன்னு சொன்னீங்க. நீங்க இல்லாததால ஒருத்தருக்குத் துணிச்சல் வந்ததுன்னு நினைச்சீங்க. நான் வேற மாதிரி பாத்தேன். நீங்க இல்லாத நாள்ல புதுசா என்ன நடக்குது? நீங்க போன் பண்றீங்க. அதே நாள்ல இந்த மாஸ்டர் வண்டியில உக்காரல. ஒரு வேலை நடக்கல, நடக்கக் கூடாத ஒரு வேலை நடக்குது. ரெண்டும் ஒரே வாக்கியத்துல இருந்து வந்திருக்கணும். இங்க எல்லாரும் இதை ராடுன்னு சொல்றாங்க. ஒருத்தர் மட்டும்தான் கம்பின்னாரு. அவருக்கு இந்தப் பையன் மாஸ்டர். கம்பின்னு ஒரு ஆள் இருக்கறதே அவருக்குத் தெரியாது."

"பந்தயக்காரங்களுக்குச் சுத்துன்னா டிராக்கைச் சுத்தி வர்றது," என்றார் மச்சான் மெதுவாக.

"வால்வு திறக்கிறவருக்குச் சுத்துன்னா திருகறது. 'ரெண்டு சுத்து விடு'ன்னு ஆபீஸ்ல இருந்து போன் வரும், அவர் விட்டுட்டு வருவாரு. ஏன், எதுக்குன்னு கேட்டா அந்த வேலை நடக்குமா? 'கம்பிய ரெண்டு சுத்து ஓட்ட விடு'ன்னு சொல்லியிருந்தா ஒரு டயர் கூடப் போயிருக்காது. 'ஓட்ட'ங்கிற ஒரு வார்த்தை சார். அதை நீங்க வாய்க்குள்ளேயே வெச்சுக்கிட்டீங்க."

நாத்தனாருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. டிராக்காரரின் மனைவியின் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டாள்.

"இதுல பெரியவர் தப்பு ஒண்ணும் இல்ல," என்றார் சர்வேயரம்மா.

பெரியவர் எழுந்து நின்றார். ஸ்பானர்களைத் துடைத்துச் சுவரில் அதனதன் இடத்தில் மாட்டினார். "நான் காவல் காத்துக்கிட்டு நானே கெடுத்திருக்கேன்," என்றார். பிறகு யாரையும் பார்க்காமல் வெளியே போனார்.

டிராக்காரர் மச்சான் பக்கம் திரும்பினார். முகமெல்லாம் வியர்வை. "சரி விடு... அதான் தெரிஞ்சுடுச்சே. நாளைக்கு வந்து..." என்று ஆரம்பித்தார்.

"முழுசா சொல்லுங்க," என்றார் அவர் மனைவி. நேற்றிலிருந்து அவர் புருஷனிடம் பேசிய முதல் வார்த்தை அது. "யாரு, யாரை, என்ன சொன்னீங்க, இப்ப என்ன சொல்றீங்க. எதையும் முழுங்காம சொல்லுங்க. இருபது வருஷமா உங்க பாதிப் பேச்சுக்கு மீதியை நான்தான் இட்டு நிரப்பிக்கிட்டு வரேன். என்னால இனிமே முடியாது."

அந்த மனிதர் தவித்த தவிப்பைப் பார்க்க நாத்தனாருக்கே பாவமாக இருந்தது. கடைசியில் ஒவ்வொரு வார்த்தையாகப் பிடித்து இழுத்து வெளியே போட்டார்.

"மச்சான். நீ என் பொண்ணு வண்டியைக் கெடுக்கிறேன்னு நான் சொன்னேன். நான் சொன்னது தப்பு. என்னை நீ மன்னிக்கணும். நாளைக்கு வண்டியை நீதான் பாக்கணும்."

மச்சான் கீழே பார்த்தபடி நின்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் கார்ட்டின் முன்னால் உட்கார்ந்து நட்டைத் தளர்த்த ஆரம்பித்தார். "எனக்குச் சொன்னது போதும் அத்தான்," என்றார். "நீங்க கத்தினா பதிலுக்குக் கத்த எனக்கு வாய் இருக்கு. பெரியவருக்கு அது கிடையாது. அங்க போய்ச் சொல்லுங்க."

எல்லாரும் வெளியே பார்த்தார்கள். பெரியவர் தோளில் ஒரு துணிப்பையை மாட்டிக்கொண்டு, வாசல் நாற்காலிமேல் சாவிக்கொத்தை வைத்துவிட்டு, டிராக்கின் ஓரமாக கேட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். நடையில் அவசரம் இல்லை. ஆனால் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

"அண்ணே!" என்று கத்தினார் டிராக்காரர். பெரியவர் நிற்கவில்லை.

டிராக்காரர் ஓடினார். கனத்த உடம்பு, ஓடிப் பழக்கமில்லாத கால். வளைவில் அடுக்கியிருந்த டயரில் இடறி, ஒரு செருப்பை விட்டுவிட்டு, மற்றொரு செருப்போடு கொதிக்கிற தார்மேல் ஓடினார். கேட்டுக்குப் பக்கத்தில் போய்ப் பிடித்தார். மூச்சு வாங்க, கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொன்னார். பெரியவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றார்.

"எல்லார் முன்னாடியும் அவரைச் செய்யவெச்சுக் காட்டியிருக்க வேணாம் அண்ணி," என்றாள் நாத்தனார். அவளுக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. "தனியா கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்."

"ஆமா," என்றார் சர்வேயரம்மா. "அது நான் பண்ணின தப்பு. அவர்கிட்ட நானும் சொல்லணும்."

கேட்டருகே பேச்சு நீண்டுகொண்டே போயிற்று. வாயில் நாலு வார்த்தைக்கு மேல் வராத மனிதர் இவ்வளவு நேரம் என்னதான் சொல்கிறார் என்று தெரியாமல் நாத்தனார் எக்கி எக்கிப் பார்த்தாள். ஒரு வார்த்தை கூட இங்கே கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற டிராக்காரரின் மனைவி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெயில்ல செருப்பில்லாம நிக்கிறாரு பாருங்க, அறிவே கிடையாது," என்று சொல்லிவிட்டு, போய் அந்த ஒற்றைச் செருப்பை எடுத்துக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தார்.

அவர் பாதி தூரம் போவதற்குள் அண்ணனும் தம்பியும் திரும்பி வர ஆரம்பித்துவிட்டார்கள். துணிப்பை தம்பியின் தோளில் இருந்தது.